மூலை வீட்டு போல்ட்

ருக்கு படகிலிருந்து குதித்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுடுமணலில் ஓடிவந்தபோது, அவளுடைய அப்பா கோதண்டம் பூவரச மரத்தடியில் குந்தி இன்ஜினைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அதே வாசலில், பந்தலுக்குக் கீழே, பெஞ்சின்மேல் அம்மா செல்வம்மாளைக் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டி முடிந்து, தலைமாட்டில் விளக்கும் ஏற்றியாகிவிட்டது.

அம்மா மயங்கி விழுந்துவிட்டாள் என்று காலையில் போன் வந்தபோது ருக்கு அனுப்பம்பட்டில் தன் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பாதிப் பின்னலோடு பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினாள். வழியில் திருப்பாலைவனத்தில் பஸ் நின்றபோதுகூட, அம்மா கண் விழித்துவிட்டாள் என்று யாராவது போன் செய்வார்கள் என்று நம்பிக்கொண்டுதான் வந்தாள். பழவேற்காட்டில் வாடகைப் படகு ஏறி, படகோட்டி அவள் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டபோதுதான் அந்த நம்பிக்கை போனது.

அம்மாமேல் விழுந்து அழுதாள். கன்னத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு, "ஏரி தண்ணிகூட தாண்டலடி. தூக்கினு கரைக்கு ஓடறதுக்குள்ள அடங்கிப்போச்சு" என்றாள். அழுகைக்கு நடுவே மரத்தடியிலிருந்து கர்ரக் கர்ரக்கென்று அந்தச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. ருக்குவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போனாள்.

"இன்னா நைனா இது? அம்மா அங்க கெடக்குறா. நீ இங்க குந்திக்கினு இரும்ப சொரண்டிக்கினு கீற?"

கோதண்டம் நிமிரவில்லை. அழுது முடித்த கண்கள்தான், சிவந்திருந்தன. "அவ வேல தாம்மா இது. பாதியில நிக்குது" என்றார்.

ருக்குவுக்குப் புரிந்தது. புரிந்ததும் அதற்குமேல் கத்த முடியவில்லை. அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் கையில் எந்த வேலை பாதியில் நின்றதோ, அதை வீட்டு மனிதர்கள் முடித்து வைத்த பிறகுதான் பிணத்தை எடுப்பார்கள். இல்லாவிட்டால் போனவருக்குப் போக மனம் வராது என்பார்கள். பெரும்பாலும் வலைதான் பாதியில் நிற்கும். யாராவது ஒரு முடிச்சைப் போட்டு நூலை அறுத்துவிட்டால் தீர்ந்தது. ஒரு கிழவி பாதி உரித்த வேர்க்கடலையோடு போய்ச் சேர்ந்தபோது, அவளுடைய மருமகள்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டே மீதிக் கடலையை உரித்தார்கள். ஆனால் யாரும் இதுவரை ஓர் இன்ஜினைப் பாதியில் விட்டுவிட்டுப் போனதில்லை. செல்வம்மாளுக்கு எல்லாமே வழக்கத்துக்கு மாறாகத்தான் அமையும்.

அந்த இன்ஜின் கோதண்டத்தின் படகினுடையது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருக்கும் குப்பத்துக்கு அந்தப் படகுதான் பஸ். காலையில் மீன்கூடைகள், அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அப்புறம் பிரசவ வலி, கல்யாணப் பெண், மளிகை என்று எல்லாம் அதில்தான் அக்கரைக்கும் இக்கரைக்கும் போகும். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டு ஏரி வற்றி, பம்ப்பு சேற்றையும் உப்பையும் உறிஞ்சி, இன்ஜின் கொதித்துவிட்டது. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்குக் கீழே, தண்ணீர் கசியாமல் தடுக்கிற கேஸ்கட் தகடு வெடித்துத் தண்ணீர் ஆயிலில் கலந்தது. வடித்துப் பார்த்தால் ஆயில் மோராக வெளுத்திருந்தது. ஏரி நடுவிலிருந்து படகைக் கழி போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இன்ஜினை இறக்கி மரத்தடியில் சவுக்குக் கட்டைகள்மேல் வைத்து, ஹெட்டைக் கழற்றி, புருஷனும் பெண்டாட்டியுமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று காலையில் அந்த இடத்தில்தான் செல்வம்மாள் சாய்ந்தாள்.

"கேஸ்கட்டு ஒட்டினு இருந்தத நான் சொரண்டிட்டேன்" என்றார் கோதண்டம். "போல்ட்டுக் குழிங்கள தொடைக்கிறது அவ வேல. கடைசிக் குழி மட்டும் பாக்கி."

இரும்பின் வலதுபக்க மூலையில், கடைசிக் குழிக்குள், துணி சுற்றிய ஈர்க்குச்சி ஒன்று செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. துணி அம்மாவின் பழைய பூப்போட்ட ரவிக்கைத் துணி. ருக்குவுக்கு அந்தப் பூ தெரியும்.

"நா எடுக்கல" என்றார் அப்பா. "நீ வந்து எடுப்பேன்னுதான் வுட்டு வெச்சேன்."

ருக்கு மணலில் உட்கார்ந்தாள். குச்சியைத் தொட்டாள். இழுக்கக் கை வரவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு, அம்மா சுற்றியிருப்பாள் என்று நினைத்த பக்கமாகவே மெல்லச் சுற்றினாள். குழிக்குள் நறநறவென்றது. வெளியே எடுத்தால் துணி நுனியில் வெள்ளையாக உப்பு.

"நல்லா எடு. உப்பு இருந்தா போல்ட்டு பொய் சொல்லும்னு சொல்லுவா உங்கம்மா. இறுகிட்ட மாதிரி காட்டும், உள்ள இறுகி இருக்காது. இத்தனூண்டு உப்பு இருந்தாக்கூட வுட மாட்டா."

துணி உப்பில்லாமல் வரும்வரை ருக்கு குழியைத் துடைத்தாள். அதைச் செய்தபோது அவள் அழவில்லை. அவளுடைய நிச்சயதார்த்தத்தன்று அம்மாவின் நகக்கண்ணெல்லாம் கிரீஸ் கறுப்பு. மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிடுவார்களே என்று மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு, பச்சையும் கறுப்புமாக இன்னும் மோசமாகி, சபையில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாதான் பெரிதாகச் சிரித்தாள். இப்போது அந்த விரல்களைக் குப்பம்மாள் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் கறுப்பு போகவில்லையாம்.

பக்கத்து வீட்டுச் சிங்காரம் வந்து ஒரு கை கொடுத்தான். புதுக் கேஸ்கட்டைப் பரப்பி, இரண்டு பேருமாக ஹெட்டைத் தூக்கி அதன்மேல் இறக்கினார்கள். "அந்தக் கயித்துக் கட்டிலுக்கு அடியில பாரு. ஐஸ் பொட்டி மூடி இருக்கும். சாய்க்காம எடுத்துனு வா" என்றார் கோதண்டம்.

ருக்கு குனிந்து எடுத்தாள். மீன் அனுப்பும் தெர்மோகோல் பெட்டியின் வெள்ளை மூடி. அதில் கழற்றிய போல்ட்டுகளை எல்லாம் துடைத்து, எண்ணெய் தடவி, இரண்டு வரிசையாகக் குத்தி நிறுத்தியிருந்தாள் அம்மா. ஒவ்வொன்றும் ஹெட்டில் எங்கே இருந்ததோ அதே இடத்தில். வெயில் பட்டு அத்தனையும் மின்னின.

"எதுக்கு நைனா இப்படி?"

"எந்தக் குழியில பழகினதோ அந்தக் குழிக்குத்தான் அது போவணும். அதுக்குத்தான்." கோதண்டம் முதல்முறையாக மகளின் முகத்தைப் பார்த்தார். "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. மொதத் தபா நானே பூட்டினேன். கரைவல இழுக்குற மாதிரி ரெண்டு ஓரத்துல இருந்து நடுவுக்கு வந்துட்டேன். ஹெட்டு முதுகு வளைஞ்சு போச்சு. மெக்கானிக்கு பார்த்துட்டு, நடுவுல இருந்து ஓரத்துக்குப் போவணும், இந்தாண்ட ஒன்னு அந்தாண்ட ஒன்னுன்னு சொல்லிட்டுப் போயிட்டான். எனக்கு எது முன்ன எது பின்னன்னு கொழம்பிக்கினே இருந்துச்சு. உங்கம்மா கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தா. அட, இது நம்ம குப்பம்தான்யான்னா."

ருக்கு மூடியைப் பார்த்தாள். ஏரிப்பக்கம் ஒரு வரிசை வீடு, கடல்பக்கம் ஒரு வரிசை வீடு, நடுவில் எல்லையம்மன் கோயில். அவள் பிறந்து வளர்ந்த குப்பம் அந்த வெள்ளை மூடியில் நின்றுகொண்டிருந்தது.

"திருவிழாவுல அம்மன் எப்படிப் பொறப்படும்? கோயில்ல ஆரம்பிச்சு, எதுத்தாப்புல கெணத்தாண்ட போயி, அப்புறம் இந்தாண்ட ஒரு வூடு அந்தாண்ட ஒரு வூடுன்னு தானே வரும்? அப்படிப் பூட்டுன்னா. அன்னியிலருந்து தப்புனதில்ல."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். அந்தக் கையில் போல்ட் வைக்க வேண்டியது இதுவரை அம்மாவின் வேலை. ருக்கு நடுவிலிருந்து ஒன்றைப் பிடுங்கி வைத்தாள்.

"கோயிலு" என்றார் கோதண்டம். அதைக் குழியில் விட்டுக் கையாலேயே திருகினார். "கெணறு." அடுத்தது. "நாட்டார் வூடு. ஐஸ் ஷெட்டு. பால்வாடி."

குரலை அவர் உயர்த்தவில்லை. ஆனாலும் பந்தலில் அழுகை தேய்ந்தது. குப்பம்மாள்தான் முதலில் எழுந்து வந்தாள். "குப்பம்மா வூடு" என்று அவர் சொல்லி ஒரு போல்ட்டைத் திருகியபோது, அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். தங்கள் வீடு வருமா என்று காத்து நின்றார்கள். மேளக்காரர்கள் மேளத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். இத்தனை நாளும் இந்தப் பெண்பிள்ளை தங்கள் வீடுகளை எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தாள் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

மூலைக்கு வந்தார்கள். கோதண்டம் கையை நீட்டினார். ருக்கு மூடியைப் பார்த்தாள். கடைசி இடத்தில் துளை மட்டும் இருந்தது.

"இல்ல நைனா."

"இல்லன்னா? கீழ வுழுந்திருக்கும், பாரு. நம்ம வூட்டு போல்ட்டு அது."

குப்பத்தின் தெற்குக் கோடியில், மூலையில் இருந்தது கோதண்டத்தின் வீடு. ஹெட்டின் மூலையில் இருந்த போல்ட்டும் அதுதான். எல்லோரும் குனிந்து தேடினார்கள். காலையிலிருந்து அந்த மணலை எத்தனையோ கால்கள் மிதித்திருந்தன. பந்தல்கால் நடக் குழி வேறு தோண்டியிருந்தார்கள். பெண்கள் இறால் சலிக்கிற சல்லடையை எடுத்துவந்து மணலைச் சலித்தார்கள். கிளிஞ்சல் வந்தது, பீடித்துண்டு வந்தது, ருக்கு சின்ன வயதில் தொலைத்த ஒற்றைக் கொலுசின் மணிகூட வந்தது. போல்ட் வரவில்லை.

குப்பத்துக்குத் தலைவரான நாட்டார் சுப்பராயலு பொழுதைப் பார்த்தார். வெயில் ஏரிப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. "கோதண்டம், பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும்பா. ராத்திரி வெச்சுக்க முடியாது. அத்தினி போல்ட்டு போட்டுட்ட, ஒன்னுதானே? மூடியாச்சுன்னு வெச்சுக்கலாம்."

"வெச்சுக்க முடியாது நாட்டாரே. ஒரு மூல தொறந்திருந்தா அந்தாண்டயே பிச்சுக்கும். நாளைக்கு உன் பேரப்புள்ளயத்தான் ஏத்தினு போவேன். நடு ஏரியில நிக்கும்."

"நாளைக்கு போல்ட்டு வாங்கிப் போட்டுக்க. இன்னிக்கு அவ போவட்டும்."

"பாதியில வுட்டுட்டா அனுப்பச் சொல்ற? யாரு வூட்டு வேலன்னாலும் முடிச்சுக் குடுத்தவ அவ." கோதண்டம் சலித்த மணலை மறுபடி கையால் அளைந்தார். "அந்த போல்ட்டு கழுத்து எளச்சுப் போச்சு, மாத்திடலாம்னு சொன்னா. நாந்தான் வாணாம், இன்னும் ஒரு வருசம் தாங்கும், அதையே பூட்டுன்னேன். இப்ப அதுவும் இல்லாம போச்சு."

ருக்கு பெஞ்சைப் பார்த்தாள். அம்மா இப்படியே ஒரு மூலை திறந்தபடி போகப்போகிறாளா? அம்மாவைக் கட்டிக்கொண்டு அழ அல்ல, எழுப்பி ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் அவளுக்குத் தோன்றியது. எங்கேம்மா வெச்ச?

அப்போதுதான் ஏரிப்பக்கம் படகுச் சத்தம் கேட்டது. அக்கரைத் தோணிரேவிலிருந்து, டவுனுக்குப் போய்ச் சேலை எடுத்துக்கொண்டு, அம்மாவின் அண்ணன் தேசப்பன் வந்துவிட்டார். பிறந்த வீட்டுச் சேலை போர்த்தாமல் பெண்ணை எடுக்க மாட்டார்கள். அதற்காகவும்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தது. வயதானவர். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய வந்தார். தங்கையின் பக்கத்தில் நின்று, பையிலிருந்து சேலையை எடுத்து அவர்மட்டும் தனியாகப் பிரித்துப் போர்த்தினார். காலிலிருந்து கழுத்துவரை மடிப்பைச் சரிசெய்தார். அழவில்லை. பிறகு சட்டைப் பையில் கைவிட்டபடி மரத்தடிக்கு வந்தார்.

"மாப்ள, இத எங்க குடுக்கறதுன்னு தெரியல. இன்னிக்குத்தான் கொண்டாரச் சொல்லியிருந்தா."

செய்தித்தாள் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. கோதண்டம் பிரித்தார். உள்ளே இரண்டு போல்ட்டுகள். ஒன்று புதுசு. இன்னொன்று பழசு, கழுத்து இளைத்தது.

"நேத்து நண்டு வாங்க வந்தவன்கிட்ட பழசக் குடுத்து அனுப்பி, போனும் பண்ணா. கல்லறைக்கு எதுத்தாப்புல ஒரு கட கீதே, டச்சுக்காரன் கல்லற, அங்க பழைய வண்டி சாமான் வெச்சிருப்பான். அளவு பார்த்து வாங்குன்னா. 'அண்ணா, அது எங்க வூட்டு போல்ட்டு. மாமாக்குத் தெரியாது, தெரிஞ்சா திட்டும். பார்த்து நல்லதா வாங்கினு வா'ன்னா." தேசப்பன் நிறுத்தினார். "நா அத வாங்கினு வெளிய வந்து, கல்லற மதில் மேல குந்தி பீடி பத்த வெச்சேன். அப்பதான் போன் வந்துச்சு மாப்ள."

கோதண்டம் புதுப் போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். மாற்ற வேண்டாம் என்று தான் சொன்னதற்கு அவள் ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசாதது இப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. அவள் எப்போதுமே எதிர்த்துப் பேசமாட்டாள். தான் செய்ய வேண்டியதைச் செய்துவிடுவாள்.

போல்ட்டின் மரையில் எண்ணெய் தடவினார். ருக்கு துடைத்த குழிக்குள் அது தங்கு தடையில்லாமல் இறங்கியது.

"நம்ம வூடு" என்றார்.

அப்புறம் ஸ்பானரை எடுத்தார். "மூணு சுத்து வரணும்மா. மொத சுத்து சும்மா கண்டுக்கினு வரணும். ரெண்டாவது, நல்லாக் கீறியான்னு கேட்டுக்கினு வரணும். மூணாவதுதான் கெட்டியா. அப்படித்தான் சொல்லுவா." கோயிலிலிருந்து மறுபடி தொடங்கினார். இந்த முறை பெயர் சொன்னது அவர் மட்டும் அல்ல. "நாட்டார் வூடு" என்று சுப்பராயலுவே சொன்னார். "பால்வாடி" என்று பெண்கள் சொன்னார்கள். மூன்றாவது சுற்றில் மொத்தக் குப்பமும் சொன்னது. ஸ்பானரில் குழாயைச் செருகி கோதண்டம் எடையைப் போட்டு இழுக்க, இரும்பு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறை முனகியது. திருவிழா அன்றுகூட அந்தக் குப்பம் இப்படி ஒரே குரலாக நின்று ருக்கு பார்த்ததில்லை. அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது. பெஞ்சின்மேல் புதுச்சேலையில் அம்மா கேட்டுக்கொண்டு படுத்திருப்பதாகவே தோன்றியது.

பாக்கி இருந்த பைப்பு, மூடி, டீசல் லைன் எல்லாவற்றையும் சிங்காரம் மாட்டி, புது ஆயிலும் ஊற்றினான். ஓட்டிப் பார்த்தால்தான் மூடியதாக அர்த்தம் என்றார் கோதண்டம். இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். டிரம்மை இழுத்துப் போட்டதும், பொழுதாகிறது என்று அவசரப்பட்ட நாட்டார்தான் முதல் குடத்தைத் தூக்கிவந்து ஊற்றினார். பிறகு வீட்டுக்கு ஒரு குடம் வந்தது.

ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார் கோதண்டம். இருமியது. மறுபடி சுற்றினார். பிடித்துக்கொண்டது. கரும்புகை கக்கி, வெளுத்து, பிறகு புகையே இல்லாமல், ஒரே தாளத்தில் ஓடியது. பூவரசு இலைகள் நடுங்கின. மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கசியவில்லை. கோதண்டம் குனிந்து அந்த மூலையை விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"எடுங்கப்பா" என்றார்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே செல்வம்மாளைத் தூக்கினார்கள். மேளம் அதற்குப் பிறகுதான் முழங்கியது. அவளைத் தூக்கிக்கொண்டு குப்பத்தின் நடுவே கோயில்வரை போய், அங்கிருந்து திரும்பிக் கடல்பக்கம் தாழைப் புதர்களுக்கு அப்பால் போனார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். சிங்காரம் டீசலை அடைத்து இன்ஜினை நிறுத்திவிட்டு, ஊர்வலத்தின் பின்னால் ஓடினான்.

வாசலைக் கழுவினார்கள். ருக்கு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு வந்து இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளங்கையை ஹெட்டின்மேல் வைத்தாள். சூடாக இருந்தது. காலையிலிருந்து அவள் கை தொட்டதில் அதுதான் சூடாக இருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை. அங்கே மண்ணைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாள். அனுப்பம்பட்டில் பாதிப் பின்னலோடு நிற்கும் மகளை நினைத்தாள். சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பழைய போல்ட் அவள் மடியில் கிடந்தது.

கோதண்டம் கடலில் முழுகிவிட்டு, வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்ட வந்தார். வாசல் விளக்கைப் பார்த்துக் கும்பிட்டார். வீட்டுக்குள் போகவில்லை. நேராக மரத்தடிக்கு வந்தார்.

"ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு நைனா."

"சூடேறி ஆறினதும் இன்னொரு தபா இறுக்கிப் புடிக்கணும். புதுக் கேஸ்கட்டு படிஞ்சிருக்கும். கொஞ்சம் கொஞ்சம் எடம் குடுக்கும்."

ஸ்பானரை எடுத்து, கோயிலிலிருந்து தொடங்கினார். இப்போது அவர் பெயர் சொல்லவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. ஒவ்வொரு போல்ட்டும் ஒரு நெல்லளவு திரும்பி நின்றது. மூலைக்கு வந்ததும் ஸ்பானரைப் போல்ட்டில் மாட்டினார். இழுக்கவில்லை. அப்படியே கையை எடுத்துவிட்டு, சற்று விலகி உட்கார்ந்தார்.

ருக்கு எழுந்து மண்டியிட்டாள். இரண்டு கையாலும் ஸ்பானரைப் பிடித்தாள். பிடியில் இன்னும் கறுப்புக் கிரீஸ் இருந்தது. அம்மாவின் விரல்கள் பட்ட இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. அவளுடைய விரல்கள் அதில் சரியாகப் பொருந்தின. மெல்ல இழுத்தாள்.

கொஞ்சம் திரும்பியது. பிறகு நின்றது.